முக்கோணத்திற்குள் ஒரு மனிதர்: வில்லியம் மார்ஷல்

இடைநிலைப்பள்ளியில் வரலாறு படித்த எவருக்கும் அந்த முக்கோணம் நினைவிருக்கும். உச்சியில் மன்னர், அவருக்குக் கீழே பிரபுக்களும் ஆயர்களும், அதற்கும் கீழே குதிரைவீரர்கள், அடித்தளத்தில் உழவர்களும் பண்ணையடிமைகளும். இடைக்கால ஐரோப்பாவின் நிலமானிய முறை இதுதான் என்று நான்கு பெட்டிகளில் எழுதி, தேர்வுக்கு மனனம் செய்துவிட்டு அடுத்த பாடத்திற்குப் போய்விடுவோம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகளும் பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் பயின்ற நானும் அதை மலாய்மொழியில் அப்படியே படித்தவன்தான். அந்தப் பெட்டிகளுக்குள் வாழ்ந்தவர்கள் என்ன உண்டார்கள், எதற்கு அஞ்சினார்கள், ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு ஏற முடிந்ததா என்ற கேள்விகளுக்குப் பாடநூலில் இடமில்லை.

பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகு வில்லியம் மார்ஷல் என்பவரின் வாழ்க்கையை வாசிக்கும் வாய்ப்புக் கிட்டியது. இங்கிலாந்தின் ஐந்து அரசர்களின் காலத்தைக் கண்டவர். கையளவு நிலமும் இல்லாமல் தொடங்கி, அந்நாட்டையே ஆளும் பொறுப்பை ஏற்று மறைந்தவர். அவருடைய கதையைச் சொன்னால் நிலமானிய முறை எப்படி இயங்கியது என்பது தானாகவே விளங்கிவிடும் என்ற நம்பிக்கையில் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பணயமாக வைக்கப்பட்ட சிறுவன்

வில்லியம் ஏறத்தாழ 1147-ஆம் ஆண்டில் பிறந்தார். தந்தை ஜான், அரசரின் குதிரைகளையும் படைக்கலங்களையும் மேற்பார்க்கும் மார்ஷல் என்னும் அரண்மனைப் பதவியை வகித்தவர். அப்பதவிப் பெயரே பின்னர் குடும்பப் பெயராகியது. அக்காலத்தில் இங்கிலாந்தின் அரியணைக்கு மன்னர் ஸ்டீபனும் அவருடைய உறவினரான மெட்டில்டாவும் போட்டியிட்டுக் கொண்டிருந்தனர். பிரபுக்கள் பக்கம் மாறி மாறிப் போரிட்டனர்.

1152-இல் ஸ்டீபன் நியூபரி என்ற இடத்தில் ஜானின் கோட்டையை முற்றுகையிட்டார். கோட்டையை ஒப்படைப்பதாகக் கூறி அவகாசம் கேட்ட ஜான், அதற்குப் பிணையாகத் தம் மகன் வில்லியமை மன்னரிடம் அனுப்பி வைத்தார். சிறுவனுக்கு வயது ஐந்தோ ஆறோதான். அவகாசம் கிடைத்ததும் ஜான் செய்தது என்ன தெரியுமா? கோட்டைக்குள் வீரர்களையும் உணவையும் நிரப்பிக் கொண்டார். மகனைத் தூக்கிலிடுவோம் என்று செய்தி வந்தபோது, இதைவிட நல்ல பிள்ளைகளைப் பெற்றுக்கொள்ளும் வல்லமை தமக்கு இன்னும் இருக்கிறது என்று பதில் அனுப்பினாராம்.

சிறுவனைத் தூக்குமரத்திற்குக் கொண்டு சென்றார்கள். அங்கிருந்த ஒருவரின் ஈட்டியைப் பார்த்து, அதைத் தனக்கு விளையாடத் தருமாறு அவன் கேட்டானாம். மன்னருக்கு மனம் வரவில்லை. சிறுவனைத் தம்முடனேயே திரும்ப அழைத்துச் சென்றார். பிறகு ஒருநாள் இருவரும் கூடாரத்தில் அமர்ந்து செடித்தண்டுகளை வீரர்களாகப் பாவித்துச் சண்டை விளையாடிக் கொண்டிருந்ததாக அவருடைய வரலாறு கூறுகிறது.

இந்நிகழ்ச்சியைப் படித்தபோது என்னால் எளிதில் அடுத்த பக்கத்திற்குச் செல்ல முடியவில்லை. தந்தையைக் கல்நெஞ்சர் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் நிலமானிய முறையில் கோட்டையும் நிலமும்தான் ஒரு குடும்பத்தின் உயிர்நாடி. அவற்றைக் காக்கப் பிள்ளைகளைப் பணயம் வைப்பது அன்றைய பிரபுக்களுக்குப் புதிதன்று. வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகவே பிணை கேட்கப்பட்டது. வாக்கு தவறினால் அதற்கான விலையைச் சிறுவர்கள் கொடுத்தார்கள்.

நிலமில்லாத நான்காம் மகன்

வில்லியம் தம் தந்தைக்கு நான்காவது மகன். நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தால் குடும்பத்தின் வலிமை சிதைந்துவிடும் என்பதால் பெரும்பகுதி மூத்தவருக்கே சென்றது. மற்ற மகன்களுக்கு இருந்த வழிகள் சிலவே: திருச்சபையில் சேர்ந்து குருவாகலாம்; அல்லது இன்னொரு பிரபுவின் வீட்டில் சேர்ந்து வாளால் பிழைக்கலாம்.

வில்லியம் இரண்டாவது வழியில் அனுப்பப்பட்டார். பதின்ம வயதில் கடல் கடந்து, நார்மண்டியில் தம் தாய்வழி உறவினரான தான்கார்வில் பிரபுவின் மாளிகையை அடைந்தார். அங்கே அவர் ஏவலர். குதிரைக்குத் தீனி வைப்பது, கவசத்தைத் துடைப்பது, உணவு மேசையில் பரிமாறுவது, இடையிடையே வாள்வீச்சும் குதிரையேற்றமும் பழகுவது என்று நாள்கள் கழிந்தன. நன்றாகச் சாப்பிடுவதிலும் தூங்குவதிலும்தான் அவர் தேர்ச்சி பெற்றிருந்தார் என்று உடனிருந்தவர்கள் கேலி செய்தார்களாம். 1165-இல் தந்தை இறந்தபோது வில்லியமுக்கென்று எதுவும் கிடைக்கவில்லை.

1166-ஐ ஒட்டி அவருக்குக் குதிரைவீரர் பட்டம் சூட்டப்பட்டது. விரைவிலேயே நார்மண்டியின் எல்லையில் நடந்த சண்டையில் அஞ்சாமல் போரிட்டார். அன்றிரவு விருந்தில் எசெக்ஸ் பிரபு, ஒரு பழைய சேணவார் இருந்தால் தமக்கு அன்பளிப்பாகத் தருமாறு வில்லியமைக் கேட்டார். தம்மிடம் அப்படி எதுவும் இல்லையே என்று வெகுளியாகப் பதில் சொன்னார் வில்லியம். அவையே சிரித்தது. அத்தனை எதிரிகளை வீழ்த்தியவர் அவர்களுடைய குதிரைகளையும் சேணங்களையும் கைப்பற்றியிருக்க வேண்டாமா என்பதுதான் அந்தக் கேலியின் பொருள். புகழுக்காகப் போரிட்ட இளைஞரிடம் எஞ்சியது என்ன? அவருடைய போர்க்குதிரை அன்று கொல்லப்பட்டுவிட்டது. புதிதாக வாங்கப் பணமில்லை. பட்டம் பெற்றபோது அணிந்த மேலாடையை விற்று ஒரு சாதாரணக் குதிரையை வாங்க நேர்ந்தது.

குதிரையில்லாத குதிரைவீரருக்கு மதிப்பில்லை. பட்டம் இருந்தும் முதல் இல்லாமல் தொழில் தொடங்க முடியாத நிலை அது. பட்டதாரிகளாகப் போகும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

போட்டிப்போரில் பிழைப்பு

அவரைக் கரையேற்றியவை அன்றைய போட்டிப்போர்கள். இரண்டு வீரர்கள் மட்டும் எதிரெதிரே பாய்ந்து மோதும் திரைப்படக் காட்சியை எண்ணிவிட வேண்டாம். 12-ஆம் நூற்றாண்டில் இரு அணிகளாகப் பிரிந்த நூற்றுக்கணக்கான குதிரைவீரர்கள் ஊர்களுக்கு நடுவே பரந்து கிடந்த வெளியில் நாள் முழுதும் மோதினார்கள். கொல்வது நோக்கமன்று, பிடிப்பதே நோக்கம். பிடிபட்டவர் தம் குதிரையையும் கவசத்தையும் இழப்பார், அல்லது மீட்புத்தொகை கொடுப்பார். 1130-இலேயே திருச்சபை இதைத் தடை செய்தும் எவரும் கேட்கவில்லை.

வில்லியம் இதில் வல்லவரானார். ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து ஏறக்குறைய பத்து மாதங்களில் 103 வீரர்களைப் பிடித்ததாகச் சமையற்கட்டுக் கணக்கர் ஒருவர் எழுதி வைத்த குறிப்பு இருந்திருக்கிறது. ஒருமுறை சிறந்த வீரருக்குரிய பரிசாக ஒரு பெரிய ஆற்றுமீனை அவருக்குத் தர முடிவு செய்தார்கள். ஆளைத் தேடினால் அவர் கொல்லன் பட்டறையில் இருந்தார். அடிபட்டு நசுங்கிய தலைக்கவசம் கழலாமல் போகவே, பட்டடையில் தலையை வைத்துக் கொல்லனின் சுத்தியடியை வாங்கிக் கொண்டிருந்தாராம்!

இதற்கிடையில் 1168-இல் அவர் போயிட்டூ பகுதியில் தம் மாமா சாலிஸ்பரி பிரபுவுடன் சென்றபோது எதிரிகள் வழிமறித்தனர். மாமா கொல்லப்பட்டார். தொடையில் ஈட்டிக்காயத்தோடு வில்லியம் சிறைப்பட்டார். காயத்தைக் கட்டத் துணிகூட இல்லாத நிலையில், ஒரு பெண்மணி அப்பத்தைக் குடைந்து அதற்குள் துணிச்சுருளை மறைத்து அனுப்பினார். மீட்புத்தொகை கொடுத்து அவரை விடுவித்தவர் இரண்டாம் ஹென்றியின் அரசி எலினோர். அதன் பயனாக 1170-இல் அரசியின் மகனான இளைய மன்னர் ஹென்றிக்குப் போர்ப்பயிற்சி அளிக்கும் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. 1183-இல் அந்த இளவல் காய்ச்சலால் இறந்தபோது, அவர் மேற்கொண்டிருந்த சிலுவைப் பயண நேர்த்தியைத் தாம் நிறைவேற்றப் புனித நாட்டுக்குச் சென்று வந்தார்.

கூப்பிய கைகள்

நாடு திரும்பிய வில்லியம் மன்னர் இரண்டாம் ஹென்றியிடம் பணியாற்றினார். நிலமானிய உறவு ஒரு சடங்கில் தொடங்குகிறது. ஊழியம் செய்ய முன்வருபவர் மண்டியிட்டுத் தம் கூப்பிய கைகளைத் தலைவரின் கைகளுக்குள் வைக்க வேண்டும். அன்றுமுதல் அவர் தலைவரின் ஆள். தலைவர் அவருக்கு நிலமும் பாதுகாப்பும் தருவார். அவர் போர்ச்சேவையும் ஆலோசனையும் தருவார். ஒருவரே பல தலைவர்களிடம் நிலம் பெற்றிருந்தால் என்ன ஆகும்? அந்தத் தலைவர்கள் தமக்குள் மோதும்போது யார் பக்கம் நிற்பது? பாடநூல் முக்கோணத்தில் இல்லாத சிக்கல் இது.

1189-இல் ஹென்றியின் மகன் ரிச்சர்ட் தந்தைக்கு எதிராகவே படையெடுத்தார். தோல்வியுற்றுப் பின்வாங்கிய முதிய மன்னரைப் பலரும் கைவிட்டனர். வில்லியம் கைவிடவில்லை. துரத்தி வந்த ரிச்சர்டை எதிர்கொண்டு, அவரைக் கொல்லாமல் அவருடைய குதிரையை ஈட்டியால் வீழ்த்தினார். சில வாரங்களில் ஹென்றி இறந்தார், ரிச்சர்ட் மன்னரானார். வில்லியமின் கதை முடிந்தது என்றே பலரும் எண்ணியிருப்பர். ஆனால் தோற்கும் தலைவரிடமும் உண்மையாக இருந்தவர் தமக்கும் அப்படியே இருப்பார் என்று ரிச்சர்ட் கணக்கிட்டார். இசபெல் டி கிளேரை வில்லியமுக்கு மணமுடித்து வைத்தார்.

இசபெல்லுக்கு அப்போது ஏறத்தாழ 17 வயது. வில்லியமுக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. அயர்லாந்தின் லின்ஸ்டர் அரசரின் பேத்தியான அவர், வேல்ஸ் எல்லையில் செப்ஸ்டோ கோட்டை முதலிய பெருநிலங்களுக்கு வாரிசு. தந்தையை இழந்த வாரிசுப்பெண் மன்னரின் காப்பில் வைக்கப்படுவார். அவரை யாருக்கு மணமுடிப்பது என்பது மன்னரின் உரிமை. அந்த உரிமை விற்கப்படுவதும் உண்டு. நிலமில்லாத வீரர் ஒரே நாளில் பெருநிலக்கிழாரானார். இசபெல்லின் விருப்பத்தை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆயினும் அத்தம்பதியர்க்கு ஐந்து மகன்களும் ஐந்து மகள்களும் பிறந்தனர். பின்னாளில் வில்லியம் இல்லாதபோது அயர்லாந்து நிலங்களைக் காத்து நின்றவரும் இசபெல்தான். 1199-இல் மன்னர் ஜான், வில்லியமைப் பெம்புரோக் கோமகன் ஆக்கினார்.

இந்த ஏற்றத்தைத் தாங்கியவர்கள்

இவ்வளவு தூரம் சொன்ன கதையில் உழவர் எவரும் வரவில்லை என்பதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். வில்லியமின் வரலாற்றைக் கூறும் நூலிலும் அவர்கள் ஓரமாகவே நிற்கிறார்கள். ஆனால் போர்க்குதிரையும் கவசமும் விருந்தும் எங்கிருந்து வந்தன? பண்ணையிலிருந்துதான்.

இங்கிலாந்தின் பண்ணையடிமை வாரத்தில் சில நாள்கள் பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் கூடுதல் நாள்கள். தன் பயிர் மழையில் நனைந்தாலும் பிரபுவின் பயிரே முதலில் களம் சேர வேண்டும். தானியத்தைப் பிரபுவின் ஆலையிலேயே அரைத்து, அதற்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். மகளுக்குத் திருமணம் செய்ய வேண்டுமா? கட்டணம். குடும்பத்தலைவர் இறந்தால் வீட்டிலுள்ள சிறந்த மாடு பிரபுவுக்குப் போகும். அடுத்த சிறந்த விலங்கு பல இடங்களில் பங்குக் குருவுக்குப் போகும். விளைச்சலில் பத்தில் ஒன்று திருச்சபைக்கு. அனுமதியின்றி ஊரைவிட்டு வெளியேறவும் முடியாது.

அவர்கள் வீடு மரச்சட்டமும் மண்சுவரும் வைக்கோற்கூரையும் கொண்டது. நடுவில் அடுப்பு, புகை கூரை வழியே போகும். பட்டாணி, அவரை, முட்டைக்கோசு போட்ட தானியக்கூழும், கம்பு அல்லது வாற்கோதுமை கலந்த கறுப்பு ரொட்டியும் அன்றாட உணவு. வெண்ணிறக் கோதுமை ரொட்டி மாளிகைக்குரியது. நிலத்தை மூன்றாகப் பிரித்து ஆண்டுதோறும் ஒரு பகுதியைத் தரிசாக விட்டுப் பயிரிட்டார்கள். ஒரு பருவம் பொய்த்தால் பசி நிச்சயம்.

மன்றாடுவோர், போரிடுவோர், உழைப்போர் என்று கடவுளே மனிதரை மூவகையாக வகுத்தார் என்பது 11-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆயர்கள் எழுதி வைத்த கொள்கை. போரிடுபவர் உழைப்பவரைக் காக்கிறார் என்பது அதன் நியாயம். வில்லியமின் வாழ்க்கையை இந்த நியாயத்தோடு வைத்துப் பார்த்தால் நெருடுகிறது. ஒருமுறை அவர் வழியில் ஓர் உயர்குடிப் பெண்ணோடு ஓடிப்போகும் துறவியைச் சந்தித்தார். கையிலிருக்கும் பணத்தை வட்டிக்குவிட்டு வாழப்போவதாக அத்துறவி சொன்னதும், வட்டித்தொழில் பாவம் என்று கூறி 48 பவுண்டையும் பறித்துத் தம் தோழர்களோடு பகிர்ந்துகொண்டார். இதை அவருடைய வரலாற்றாசிரியர் நற்செயலாகவே எழுதியிருக்கிறார். வட்டி பாவம், வழியில் பறிப்பது பாவமன்று என்பது அந்த வகுப்பின் கணக்கு.

சாசனத்தின் இரு பக்கங்கள்

மன்னர் ஜான் எவரையும் நம்பாதவர். 1204-இல் நார்மண்டியைப் பிரெஞ்சு மன்னரிடம் இழந்தார். அங்குள்ள தம் நிலத்தைக் காக்க வில்லியம் பிரெஞ்சு மன்னருக்கும் கைகூப்பி ஊழியம் ஏற்றதும் ஜானின் ஐயம் முற்றியது. வில்லியமின் இரண்டு மகன்களைப் பிணையாகக் கேட்டார். ஒருகாலத்தில் தாமே பிணையாக நின்ற மனிதர், தம் பிள்ளைகளை அதே நிலைக்கு அனுப்பி வைத்தார். அவருடைய தந்தையைப் போல வாக்கு மீறவில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

ஜானின் வரிச்சுமையும் தோல்விகளும் சேர்ந்து பிரபுக்களைக் கிளர்ச்சிக்குத் தள்ளின. 1215 ஜூன் மாதம் ரன்னிமீட் வெளியில் மேக்னா கார்ட்டா என்னும் பெருஞ்சாசனம் முத்திரையிடப்பட்டது. அப்போது மன்னரின் பக்கம் நின்ற பிரபுக்களில் முதலாவதாகக் குறிக்கப்பட்டவர் வில்லியம். சாசனத்தை மன்னர் மீறாமல் கண்காணிக்கக் கிளர்ச்சியாளர் தேர்ந்த 25 பேரில் ஒருவர் அவருடைய மூத்த மகன்! தந்தை ஒருபுறம், மகன் மறுபுறம். கொள்கைப் பிளவா, எந்தப் பக்கம் வென்றாலும் குடும்ப நிலம் தப்பட்டும் என்ற ஏற்பாடா என்று இன்றும் ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள்.

அச்சாசனம் விதவையரைக் கட்டாயப்படுத்தி மறுமணம் செய்விக்கக் கூடாது என்றது. சட்டப்படியான தீர்ப்பின்றிச் சுதந்திர மனிதர் எவரையும் சிறையிடக் கூடாது என்றது. சுதந்திர மனிதர் என்ற சொல்லைக் கவனியுங்கள். பண்ணையடிமை அதில் அடங்கமாட்டார். அபராதம் விதிக்கும்போது அவருடைய உழவுக்கருவிகளை விட்டுவைக்க வேண்டும் என்ற ஒரு விதி மட்டும் அவருக்குக் கிடைத்தது.

திருத்தந்தை சில வாரங்களிலேயே சாசனத்தைச் செல்லாததாக்கினார். உள்நாட்டுப் போர் மூண்டது. கிளர்ச்சியாளர் பிரெஞ்சு இளவரசர் லூயியை அழைத்து வந்தனர். 1216 அக்டோபரில் ஜான் இறந்தபோது நாட்டின் பாதி பகைவர் கையில். புதிய மன்னர் மூன்றாம் ஹென்றிக்கு வயது ஒன்பது. எழுபதை நெருங்கிய வில்லியமிடம் ஆட்சிப்பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது.

அவர் முதலில் செய்த செயல்களில் ஒன்று அவருடைய அரசியல் நுட்பத்தைக் காட்டுகிறது. எந்தச் சாசனத்துக்காகக் கிளர்ச்சியாளர் போரிட்டார்களோ அதையே 1216 நவம்பரில் அரசின் பெயரால் திருத்தி வெளியிட்டார். சிறுவனான மன்னருக்குச் சொந்த முத்திரை இல்லாததால், திருத்தந்தையின் தூதருடைய முத்திரையோடு வில்லியமின் முத்திரையே அதில் பொறிக்கப்பட்டது. கிளர்ச்சிக்கான காரணம் கரையத் தொடங்கியது. மூத்த மகனும் தந்தையிடம் திரும்பினார். 1217 மே 20-ஆம் நாள் லிங்கன் நகரில் நடந்த போரில் முதியவரே முன்னணியில் பாய்ந்தார். அவசரத்தில் தலைக்கவசம் அணிய மறந்து, ஓர் ஏவலர் நினைவூட்டிய பிறகே அணிந்தாராம்.

அந்த வெற்றி இங்கிலாந்தைக் காத்தது என்பது உண்மை. வென்ற படை லிங்கன் நகரத்தைச் சூறையாடியதும் உண்மை. தப்பியோட முயன்று சிறு படகுகளில் நெருக்கியேறிய பெண்களும் குழந்தைகளும் ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஒருவரின் பெயரும் நமக்குத் தெரியாது.

அதே ஆண்டு நவம்பரில் காட்டுச் சாசனம் வெளிவந்தது. அரசக் காட்டில் மானை வேட்டையாடியதற்காக எவரும் உயிரையோ உறுப்பையோ இழக்கக் கூடாது என்றும், சுதந்திர மனிதர் தம் பன்றிகளைக் காட்டில் மேயவிடலாம் என்றும் அது கூறியது. விறகும் மேய்ச்சலும் அன்றாடத் தேவைகளாக இருந்த மக்களுக்கு இது பெரிய ஆறுதல்.

இறுதி நாள்கள்

1219-இன் தொடக்கத்தில் வில்லியம் நோயுற்றார். தேம்ஸ் ஆற்றங்கரையில் கேவர்ஷம் மாளிகையில் தங்கி, மன்னரின் பொறுப்பைத் திருத்தந்தையின் தூதரிடம் ஒப்படைத்தார். மகன்களுக்கு நிலத்தைப் பங்கிட்டபோது, கடைசி மகன் அன்செல்முக்கு எதுவும் தர முதலில் அவர் விரும்பவில்லை. தம்மைப் போலவே அவனும் வாளால் வாழ்வு தேடட்டும் என்று கருதினார். அருகிலிருந்த நண்பர் ஒருவர் பரிந்து பேசியதால் அன்செல்முக்கும் சிறிது நிலம் கிடைத்தது. நிலமில்லாத மகனின் துன்பத்தை அனுபவித்தவரே அதை நியாயமான வழியென்று நம்பியிருக்கிறார்.

போட்டிப்போர்களில் பறித்த பொருள்களைத் திருப்பித் தராவிட்டால் மீட்பில்லை என்று குருமார் சொல்வது பற்றிப் பேச்சு வந்தது. தாம் பிடித்தவர்கள் ஐந்நூறு பேர். அத்தனையும் திருப்பித் தருவது எப்படி என்று அவர் மறுத்துவிட்டார். சேமித்து வைத்திருந்த உயர்ந்த ஆடைகளை விற்று ஆன்ம நலனுக்காக ஏழைகளுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு குரு சொன்னபோதும் சினந்தார். பெந்தகொஸ்தே திருநாள் நெருங்குகிறது. அந்த ஆடைகள் வழக்கம்போல் தம் வீரர்களுக்கே சேர வேண்டும் என்று ஆணையிட்டார். மகள்களை அழைத்துப் பாடச் சொன்னார். தயங்கிப் பாடிய இளைய மகளுக்கு எப்படிப் பாட வேண்டும் என்று படுக்கையிலிருந்தே சொல்லிக் கொடுத்தார். மே 14-இல் உயிர் பிரிந்தது. இலண்டனில் தேவாலய வீரர்கள் அமைப்பின் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1941-இல் இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் சிதைவுற்ற போதிலும் அவருடையதாகக் கருதப்படும் கற்சிலை அங்கே இன்றும் கிடக்கிறது.

அவருடைய ஐந்து மகன்களும் ஒருவர்பின் ஒருவராகப் பதவியேற்று, வாரிசின்றி 1245-க்குள் மறைந்தனர். அரும்பாடுபட்டுச் சேர்த்த நிலம் மகள்களின் குடும்பங்களுக்குப் பிரிந்தது.

நிலம் சிதறியும் பெயர் நிலைத்ததற்குக் காரணம் ஒரு நூல். மூத்த மகனின் ஆதரவில் 1220-களில் ஜான் என்ற புலவர் பத்தொன்பதாயிரத்திற்கும் மேற்பட்ட பிரெஞ்சு அடிகளில் அவ்வரலாற்றைப் பாடினார். பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்த அதன் ஒரே கைப்படி 1861-இல் இலண்டன் ஏலமொன்றில் தலைகாட்டியது. பால் மேயர் என்ற பிரெஞ்சு அறிஞர் அதைக் கண்டு, கைநழுவிப் போனதை ஏறத்தாழ இருபதாண்டுகள் தேடிப் பிடித்துப் பதிப்பித்தார். மகன் பணம் கொடுத்து எழுதுவித்த புகழ்மாலை என்பதால் எச்சரிக்கையோடுதான் வாசிக்க வேண்டும். ஆனால் அந்நூல் இல்லாவிட்டால் அக்காலக் குதிரைவீரர் ஒருவரின் வாழ்வு இவ்வளவு நெருக்கமாக நமக்குக் கிடைத்திருக்காது.

வில்லியம் மார்ஷல் உயர்ந்தார் என்பதற்காக அன்றைய சமுதாயத்தில் உழைத்தால் எவரும் உயரலாம் என்று முடிவு கட்டிவிட முடியாது. நிலமில்லாதவர்தான், எனினும் பிரபுவின் மகன், பிரபுக்களின் உறவினர். ஏணியின் முதற்படியில் கால்வைக்கப் பிறப்பு அவருக்கு உதவியது. அவர் நிலத்தை உழுத மனிதருக்கு அப்படியொரு படியே கிடையாது. அதே வேளையில், அவர் முத்திரையிட்டு உயிர்ப்பித்த சாசனம் அவர் எண்ணியதைவிட நெடுந்தூரம் நடந்தது. 1225-இல் மீண்டும் வெளியிடப்பட்டு, 1297-இல் இங்கிலாந்தின் சட்ட ஏட்டில் பதிவாகி, தீர்ப்பின்றிச் சிறையில்லை என்ற அதன் விதி இன்றும் அந்நாட்டுச் சட்டத்தில் நிற்கிறது. சுதந்திர மனிதர் என்ற சொல் சிலரைக் குறிக்கவே எழுதப்பட்டது. அது அனைவரையும் குறிக்கும் சொல்லாக மாறுவதற்குப் பல நூற்றாண்டுகளும், வரலாற்றில் பெயர் பதியாத எண்ணற்ற உழவர்களின் போராட்டங்களும் தேவைப்பட்டன. அடுத்து அவர்களுடைய வரலாற்றைத் தேடி வாசிக்க எண்ணியிருக்கிறேன். ஆர்வமுள்ள நண்பர்கள் உடன்வந்தால் மகிழ்வேன்.